மின்சார மலைச் சைக்கிளின் மோட்டாரை மதிப்பிடுவது எப்படி?

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

முன்னுரை

மேட்டில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத்தான் புவியீர்ப்பு விசையின் வலிமை நன்றாகத் தெரியும். சமதரையில் பறவைபோலப் பறந்து வந்த சைக்கிள், ஏற்றம் தொடங்கியதும் எருமைபோல நின்றுவிடுகிறது. நாமும் இறங்கித் தள்ளத் தொடங்குகிறோம். இந்தத் துன்பத்தைப் போக்க விஞ்ஞானம் தந்துள்ள சாதனமே மின்சார மலைச் சைக்கிள்.

இதன் விலை அதிகம். விளம்பரங்களோ பெரிய பெரிய எண்களைக் காட்டுகின்றன. “இத்தனை வாட், இத்தனை நியூட்டன் மீட்டர், இத்தனை சதவீதம்” என்று அடுக்குகின்றன. இந்த எண்களுக்கு என்ன பொருள்? எதை நம்பலாம்? ஒரு மோட்டார் உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை எப்படிச் சோதித்து அறிவது? பாடப் புத்தகத்தில் நாம் படித்த விசை, வேலை, திறன், ஆற்றல் ஆகியவற்றைக் கொண்டே இதனை ஆராய்ந்து பார்ப்போம்.

தோன்றி வளர்ந்த வரலாறு

மின்சாரத்தால் தொடர்ந்து சுழலும் இயக்கத்தை உண்டாக்கலாம் என்று 1821-ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே செய்து காட்டினார். 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் பின்சக்கரத்தின் நடுவே மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய மோட்டார் 10 வோல்ட் பாட்டரியிலிருந்து 100 ஆம்பியர் வரை மின்னோட்டம் இழுக்கக்கூடியது.

இன்றைய மலைச் சைக்கிள்களில் 36 வோல்ட் பாட்டரி பரவலாக உள்ளது. மின்னழுத்தம் உயர்ந்தால் அதே திறனுக்குக் குறைந்த மின்னோட்டம் போதும். மின்னோட்டம் குறைந்தால் கம்பியில் வீணாகும் வெப்பமும் குறையும். ஜூல் வெப்ப விதியைப் படித்த நமக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும்.

மிதிப்பவரின் காலுக்குத் துணையாக மோட்டார் இயங்கும் முறையை ஜப்பானின் யமஹா நிறுவனம் 1993-ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் ஜெர்மனியின் போஷ், ஜப்பானின் ஷிமானோ முதலிய நிறுவனங்கள் மலைப்பாதைக்கென்றே மோட்டார்கள் செய்தன. 2019-ஆம் ஆண்டு கனடாவிலுள்ள மோன் சாந்த் ஆன் என்னுமிடத்தில் மின்சார மலைச் சைக்கிளுக்கான முதல் உலகச் சாம்பியன் போட்டி நடைபெற்றது. மகளிர் பிரிவில் சுவிட்சர்லாந்து வீராங்கனை நத்தாலி ஷ்னைட்டர் வெற்றி பெற்றார்.

அமைப்பு

மலைச் சைக்கிளில் மோட்டார் பெரும்பாலும் பெடல் அச்சைச் சுற்றியே பொருத்தப்பட்டிருக்கும். இதனை நடு மோட்டார் எனலாம். பாட்டரி சட்டத்தின் குழாய்க்குள் அமைந்திருக்கும். பெடலை நாம் எவ்வளவு அழுத்துகிறோம், எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறோம், சக்கரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்னும் மூன்றையும் உணர்கருவிகள் இடைவிடாமல் அளக்கின்றன. அதற்கேற்ப மோட்டாருக்கு மின்னோட்டம் செல்கிறது. நாம் மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும். ஆகவே இது மோட்டார் சைக்கிள் அன்று. உதவிக்கு ஓர் ஆள் கூடவே மிதிப்பது போன்ற ஏற்பாடு.

மூன்று எண்களும் அவற்றின் பொருளும்

முதல் எண் வாட். ஐரோப்பிய நாடுகளின் சட்டப்படி இத்தகைய சைக்கிளின் மோட்டார் 250 வாட்டுக்கு மேற்படக் கூடாது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வந்ததும் உதவி நின்றுவிட வேண்டும். ஆனால் இந்த 250 வாட் என்பது, மோட்டார் சூடேறிக் கெடாமல் தொடர்ந்து தரக்கூடிய திறனாகக் குறிக்கப்படுவது. சிறிது நேரத்திற்கு அதைவிட மிக அதிகத் திறனை அது தரலாம். 250 வாட் என்று பொறிக்கப்பட்ட போஷ் நிறுவனத்தின் பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ் மோட்டாரின் நான்காம் தலைமுறை, உச்ச நிலையில் 600 வாட் வரை தந்தது. எனவே ஒரே எண் பொறித்த இரண்டு மோட்டார்களுக்கு ஒரே வலிமை உண்டு என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது எண் நியூட்டன் மீட்டர். இது முறுக்கு விசையின் அளவு. நாம் திருப்புத்திறன் என்று படித்ததுதான். மேற்கண்ட போஷ் மோட்டாருக்கு இது 85 நியூட்டன் மீட்டர். 2020-இல் வந்த ஷிமானோ இபி 8 மோட்டாருக்கும் அதே 85. சீனாவின் டிஜேஐ நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அவினாக்ஸ் மோட்டாருக்கு 105.

85 என்றால் எவ்வளவு? பெடல் தண்டின் நீளம் 17 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 51 கிலோ எடையுள்ள ஒரு மாணவி, தண்டு கிடைமட்டமாக இருக்கும்போது, தன் முழு எடையையும் அந்தப் பெடலின்மேல் வைத்து நிற்கிறாள்.

விசை = 51 × 9.8 = சுமார் 500 நியூட்டன்
முறுக்கு விசை = 500 × 0.17 = 85 நியூட்டன் மீட்டர்

அதாவது 2.9 கிலோ எடையுள்ள அந்தச் சிறு மோட்டார், நம் வகுப்பு மாணவி ஒருத்தி பெடலின்மேல் ஏறி நின்றதற்கு ஈடான முறுக்கைத் தருகிறது. நாம் மிதிக்கும்போது கால் மேலும் கீழும் வரும் இடங்களில் முறுக்கு ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். மோட்டார் அந்த இடைவெளியையும் நிரப்பும்.

ஆனால் இங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திறன் என்பது முறுக்கு விசையையும் சுழலும் வேகத்தையும் பெருக்கி வருவது. 600 வாட்டை 85-ஆல் வகுத்தால் விநாடிக்குச் சுமார் 7 ரேடியன், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 67 சுற்று கிடைக்கும். அதற்கு மேல் வேகமாக மிதித்தால் 600 வாட் என்னும் எல்லைக்குள் 85 நியூட்டன் மீட்டரைத் தர இயலாது; முறுக்கு குறைந்தே தீரும். ஆகவே “எத்தனை நியூட்டன் மீட்டர்?” என்று மட்டும் கேட்பது போதாது, “எத்தனை சுற்று வேகம் வரைக்கும்?” என்றும் கேட்க வேண்டும். சுருங்கச் சொன்னால், ஏற்றத்தில் சைக்கிள் கிளம்புமா என்பதை முறுக்கு விசை சொல்லும். எவ்வளவு வேகமாக மேலே போகும் என்பதைத் திறன் சொல்லும்.

மூன்றாவது எண் சதவீதம். 340 சதவீத உதவி என்றால், நாம் 100 வாட் கொடுக்கும்போது மோட்டார் 340 வாட் வரை சேர்க்கும் என்று பொருள். நாம் 200 வாட் கொடுத்தால் கணக்குப்படி 680 வாட் வரவேண்டும். ஆனால் உச்சத் திறன் 600 வாட் என்பதால் அத்துடன் நின்றுவிடும். இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. மிதிப்பவர் எவ்வளவு கொடுத்தார் என்று அளக்காமல், மோட்டார் எவ்வளவு கொடுத்தது என்று கூற முடியாது. வலிமையான கால் உடைய ஒருவர் ஏறிவந்து, “மோட்டார் பிரமாதம்!” என்றால், அந்தப் புகழில் ஒரு பங்கு அவருடைய காலுக்கும் உரியது.

இன்னொரு செய்தியும் சுவையானது. மேற்சொன்ன போஷ் மோட்டார் வெளிவந்தபோது அதன் முறுக்கு விசை 75 நியூட்டன் மீட்டராகவே இருந்தது. 2020-இல் உள்ளிருக்கும் எந்த உறுப்பையும் மாற்றாமல், கட்டுப்படுத்தும் மென்பொருளை மட்டும் மாற்றி அதனை 85 ஆக்கினார்கள். இரும்பும் செம்பும் மட்டுமல்ல, கட்டளை எழுதும் அறிவும் மோட்டாரின் ஓர் உறுப்பே என்பது இதனால் விளங்குகிறது.

ஆல்ப்ஸ் மலையில் ஒரு கணக்கு

பிரான்ஸ் நாட்டில் ஆல்ப்ஸ் மலையில் ஆல்ப் துவேஸ் என்னும் ஊர் உள்ளது. அங்கு ஏறும் சாலை 21 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. நீளம் 13.8 கிலோமீட்டர், ஏறும் உயரம் சுமார் 1,100 மீட்டர், சராசரிச் சரிவு 8.1 சதவீதம். நம் நீலகிரி மலை ரயில் பல்சக்கரத்தின் உதவியோடு ஏறும் மிகச் செங்குத்தான பகுதி 12-க்கு 1, அதாவது 8.3 சதவீதம். இதைக் கொண்டு ஆல்ப் துவேஸ் ஏற்றத்தை நாம் மனக்கண்ணால் காணலாம்.

55 கிலோ மாணவி ஒருத்தி 25 கிலோ சைக்கிளில் அங்கே ஏறுகிறாள் என்று கொள்வோம். மொத்தம் 80 கிலோ.

உயரத் தூக்கும் வேலை = 80 × 9.8 × 1,100 = 8,62,400 ஜூல்
3,600-ஆல் வகுத்தால் = சுமார் 240 வாட் மணி

டயர் உராய்வுக்கும் காற்றுத் தடைக்கும் சேர்த்துச் சுமார் 40 வாட் மணி என்று கொண்டால், மொத்தம் 280 வாட் மணி. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 69 நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுவதும் அவள் 100 வாட் வீதம் மிதித்தால் அவளுடைய பங்கு 115 வாட் மணி. எஞ்சிய 165 வாட் மணியை மோட்டார் தரவேண்டும்.

மோட்டார் தான் பெறும் மின்னாற்றல் முழுவதையும் இயக்கமாக மாற்றுவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகவும் ஒலியாகவும் போய்விடும். 75 சதவீதம் பயனாகிறது என்று கொண்டால், பாட்டரியிலிருந்து 165 ÷ 0.75 = 220 வாட் மணி செலவாகும். 500 வாட் மணி பாட்டரி ஒன்று இருந்தால் அந்த மலையில் இரண்டு முறை ஏறலாம். மூன்றாம் முறைக்கு நம் காலை மட்டுமே நம்பவேண்டும்.

எனவே “ஒருமுறை சார்ஜ் செய்தால் இத்தனை கிலோமீட்டர்” என்று கூறுவது மலைநாட்டில் பொருளற்றது. “எத்தனை மீட்டர் உயரம் ஏறும்?” என்பதே சரியான கேள்வி.

ஹப் மோட்டாரும் நடு மோட்டாரும்

சக்கரத்தின் நடுவே அமைந்த ஹப் மோட்டார் விலை குறைவானது, சமதரைக்கு ஏற்றது. ஆனால் சக்கரம் மெதுவாகச் சுழன்றால் அதுவும் மெதுவாகத்தான் சுழல வேண்டும். ஏற்றத்தில் வேகம் குறையக் குறைய அது அதிக மின்னோட்டத்தை இழுக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி வெப்பமாகிவிடும்.

நடு மோட்டாரின் விசையோ செயின் வழியாகக் கியருக்குப் போகிறது. முன்னே 34 பல், பின்னே 51 பல் உள்ள கியரைப் போட்டால், 85 நியூட்டன் மீட்டர் சக்கரத்தில் 127.5 ஆகப் பெருகும். சக்கரம் மெதுவாகச் சுழன்றாலும் மோட்டார் தனக்கு ஏற்ற வேகத்தில் சுழலும். செயினும் பற்சக்கரமும் விரைவில் தேய்வது இதிலுள்ள குறை.

சோதிக்கும் முறை

ஒரு மோட்டாரை நேர்மையாக மதிப்பிட விரும்புவோர் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ள வேண்டும்.

1. ஒரே ஏற்றம், ஒரே ஆள், ஒரே மொத்த எடை, ஒரே டயர்க் காற்றழுத்தம். ஒப்பிடும்போது மோட்டாரைத் தவிர வேறெதுவும் மாறக் கூடாது.

2. மிதிப்பவர் தரும் திறனைப் பெடலில் அமைந்த அளவுகருவியால் அளந்து, அதனை ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும். முதலில் 100 வாட், பிறகு 150 வாட் என்று தனித்தனியாகச் சோதிக்கலாம்.

3. ஏறிய நேரம், ஏறிய உயரம், பாட்டரியிலிருந்து செலவான வாட் மணி ஆகிய மூன்றையும் குறிக்க வேண்டும்.

4. ஒருமுறை ஏறிப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. குறைந்தது மூன்று முறை ஏறிச் சராசரி காண வேண்டும்.

5. ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்தும் ஏறிப் பார்க்க வேண்டும். மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே திறனைக் குறைத்துக்கொள்ளும். முதல் ஏற்றத்தில் புலியாக இருந்தது மூன்றாம் ஏற்றத்தில் பூனையாகலாம்.

6. பாட்டரி நிறைந்திருக்கும்போதும், பாதியிலும், தீரும் நிலையிலும் சோதிக்க வேண்டும்.

7. மோட்டாரை நிறுத்திவிட்டு மிதித்துப் பார்க்க வேண்டும். கனமாக இழுத்தால், வழியில் பாட்டரி தீர்ந்தபின் வீடு சேர்வது கடினம்.

8. எண்களால் அளக்க முடியாதவற்றையும் கவனிக்க வேண்டும். கல்லும் வேரும் நிறைந்த பாதையில் மோட்டார் திடீரென்று உந்தித் தள்ளினால் சக்கரம் வழுக்கும். மிதிப்பதை நிறுத்திய பின்னும் நெடுநேரம் தள்ளினால் வளைவில் ஆபத்து.

கணக்கு ஒரு குடும்பத்துக்கு உதவிய விதம்

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தையார், பள்ளத்திலுள்ள மாட்டுக் கொட்டிலிலிருந்து மேலே உள்ள வீடுகளுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் நாள்தோறும் சைக்கிளில் பால் கொண்டுவருகிறார். ஏற்றத்தில் தள்ளித் தள்ளி அவருக்கு முழங்கால் வலி. பின்சக்கரத்தில் பொருத்தும் 250 வாட் ஹப் மோட்டார் ஒன்றை வாங்கலாம் என்று எண்ணினார். அதற்கு எடுக்கவிருந்த பணம் மூத்த மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று சேர்த்தது. “இது என் பாரத்தை இழுக்குமா என்று உங்கள் டீச்சரைக் கேட்டுச் சொல்லம்மா” என்று தோழியிடம் சொல்லி அனுப்பினார்.

எங்கள் அறிவியல் ஆசிரியையோ, “கேள்வி உங்களுக்கு வந்தது, பதிலும் நீங்களே காணுங்கள்” என்றார். கட்டட மேஸ்திரிகள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கொண்டு அந்தப் பாதையை அளந்தோம். மிகச் செங்குத்தான இடத்தில் 8 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்ந்தது. ஆள் 60 கிலோ, மோட்டார் பொருத்திய சைக்கிள் 30 கிலோ, பாலும் கேனும் 40 கிலோ. ஆக மொத்தம் 130 கிலோ.

ஏற்றத்துக்கு வேண்டிய விசை = 130 × 9.8 ÷ 8 = சுமார் 159 நியூட்டன்
கரடான தரையில் டயர் உராய்வு = சுமார் 25 நியூட்டன்
மொத்தம் = 184 நியூட்டன்

மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 307 வாட் வேண்டும். அவர் 75 வாட் மிதித்தால் மோட்டாரின் பங்கு சுமார் 230 வாட். “250-க்குள் அடங்கிவிட்டதே!” என்று எங்களில் பலர் மகிழ்ந்தனர். அப்போது ஆசிரியை, “எந்த வேகத்தில் 250?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

மீண்டும் கணக்கிட்டோம். அந்த மோட்டார் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் 250 வாட் தருவது என்று கொண்டால், சக்கரத்தில் அதன் முறுக்கு விசை சுமார் 12 நியூட்டன் மீட்டர். ஆனால் இந்த ஏற்றத்தில் 6 கிலோமீட்டர் வேகத்தில் தேவைப்படுவதோ சுமார் 45. ஏறக்குறைய நான்கு மடங்கு! முறுக்கு நான்கு மடங்கானால் மின்னோட்டமும் ஏறக்குறைய நான்கு மடங்காக வேண்டும். வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் பதினாறு மடங்காகும்.

“வாங்குவதற்கு முன், நாற்பது கிலோ மணல் மூட்டையை வைத்து, உங்கள் பாதையிலேயே மூன்று முறை தொடர்ந்து ஏறிப் பாருங்கள்” என்று எழுதிக் கொடுத்தோம். அவரும் கடைக்காரரிடம் கேட்டு அவ்வாறே செய்தார். முதல் முறை ஏறிற்று. இரண்டாம் முறை தளர்ந்தது. மூன்றாம் முறை பாதி ஏற்றத்தில் மோட்டார் நின்றுவிட்டது. சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட முடியாத சூடு. அவர் அதனை வாங்கவில்லை.

அந்தப் பாதைக்குக் கியரோடு கூடிய நடு மோட்டாரே பொருந்தும். அதன் விலை அவருக்கு இப்போது எட்டாது. ஆகவே பாரத்தைப் பாதியாக்கி இரண்டு நடையாகக் கொண்டுவருகிறார். முழங்கால் வலி தீரவில்லை. எனினும் மகளின் கட்டணப் பணம் குறையாமல் இருக்கிறது. அவள் இவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

நினைவில் கொள்ள வேண்டியவை

நம் நாட்டு விதிகளின்படி, 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக உள்ள மின்சார வண்டிக்குச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பதிவு தேவையில்லை. அதற்கு மேற்பட்டவற்றை வாங்குவோர் பதிவு, உரிமம் ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும். லித்தியம் பாட்டரியை அதற்குரிய சார்ஜரில்தான் சார்ஜ் செய்ய வேண்டும். அடிபட்ட, உப்பிய பாட்டரியைப் பயன்படுத்தவே கூடாது, அது தீப்பற்றக்கூடும். மேலே ஏற மோட்டார் உதவும். கீழே இறங்க உதவுவது பிரேக்கும் நிதானமுமே.

முடிவுரை

வாட் என்ன, எந்த வேகத்தில் என்ன, தொடர்ந்து எவ்வளவு நேரம் என்ன என்ற மூன்று கேள்விகளையும் கேட்கத் தெரிந்தவரை எந்த விளம்பரமும் எளிதில் ஏமாற்ற முடியாது. இவற்றைக் கேட்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம், ஒரு பென்சில், ஒரு தண்ணீர்க் குழாய், சிறிது பொறுமை ஆகியவையே போதும்.

தேர்வுக்கு மட்டும் என்று நாம் மனப்பாடம் செய்யும் சூத்திரங்கள் வீட்டிலும் தெருவிலும் பயன்படக்கூடியவை. அன்புள்ள தோழியரே, அடுத்த முறை உங்கள் வீட்டில் ஓர் இயந்திரம் வாங்கப் பேச்செழும்போது, அதன் மேலொட்டிய சீட்டைப் படித்து, கணக்கிட்டு, சோதித்துப் பார்க்கும்படி பெற்றோருக்குத் துணைநிற்போமாக. கற்ற கல்வியைப் பிறருடைய சுமை குறையப் பயன்படுத்துவோமாக!